எவ்வளவு என்று மட்டும் எழுதியவன்

என் ஊர் சேத்துப்பட்டு என்று சொன்னால் பாதிப் பேர் எழும்பூருக்கு அடுத்த ரயில்வே ஸ்டேஷனை நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது ஆரணிக்குத் தெற்கே, போளூருக்கும் வந்தவாசிக்கும் நடுவில் இருக்கும் சேத்துப்பட்டு. லூர்து மாதா கோயிலும் பட்டுத் தறிகளும் உள்ள ஊர். அப்பா முப்பத்தெட்டு வருஷம் பட்டு நெய்தவர். ஆனால் 2019 வரை ஒரு பட்டுப்புழுவைக்கூட அவர் உயிரோடு பார்த்ததில்லை. நெசவாளிக்கு அது தேவைப்படாது. முறுக்கேறி, சாயமேறி, பாவாகச் சுற்றப்பட்டு நூல் வீட்டுக்கு வந்துவிடும். புழு என்பது எங்கோ கர்நாடகப் பக்கம் நடக்கிற சமாச்சாரம்.

அந்த வருஷம் கல்லூரி நண்பன் வீட்டு விசேஷத்துக்காகக் கிருஷ்ணகிரிப் பக்கம் போனபோது அப்பாவையும் கூட்டிப்போனேன். அவர்கள் வீட்டில் மல்பெரித் தோட்டமும் புழு வளர்க்கும் ஷெட்டும் உண்டு. உள்ளே நுழைந்ததும் மழை பெய்வதுபோல ஒரு சத்தம். ஆயிரக்கணக்கான புழுக்கள் இலை தின்னும் சத்தம்தான் அது. அப்பா குனிந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓரத்தில் இருந்த தட்டைக் காட்டி, "இது ஏன் இன்னா மாதிரி ஆடுது?" என்று கேட்டார். அந்தத் தட்டில் சில புழுக்கள் இலையைத் தொடாமல் விளிம்பிலேயே சுற்றிச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்தன. உடம்பு கணுக்கணுவாக வீங்கி, தோல் பளபளவென்று நீட்டிப் பிடித்த பலூன் மாதிரி இருந்தது. நண்பனின் அம்மா ஒன்றைக் குச்சியால் எடுத்தார். தோல் கிழிந்து பால் வடிந்தது. நிஜமாகவே பால் போல. "கிராசரி தம்பி. ஒண்ணுக்கு வந்தா தட்டையே பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கக் கொண்டுபோனார்.

அந்தப் பாலைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது இரண்டு வருஷம் கழித்து, வேறொரு காரணத்துக்காக. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் பால்.

ஆரோக்கியமான புழுவின் ரத்தம் தெளிவாக இருக்கும். நோய் வந்த புழுவின் ரத்தத்தைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் வைத்தாலே பட்டை தீட்டிய கற்கள் போன்ற துகள்கள் தெரியும். ஒவ்வொரு துகளும் பெரும்பாலும் பாலிஹெட்ரின் என்ற ஒரே புரதத்தால் கட்டிய பெட்டி. பெட்டிக்குள் வைரஸ்கள் பதிந்து கிடக்கும். புழு செத்து அழுகினாலும் பெட்டி அழுகாது. மண்ணில், தட்டின் இடுக்கில், ஷெட்டின் தரையில் காத்திருக்கும். இன்னொரு புழு இலையோடு அதைத் தின்றால், புழுவின் குடலில் இருக்கும் காரம் பெட்டியைக் கரைக்கும், வைரஸ் வெளியே வரும். ஷெட்டைக் கழுவி பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் போடுவது இதனால்தான்.

இதில் என்னை முதலில் நிறுத்தியது ஒரு கணக்கு. நோய் முற்றிய செல்லில் உள்ள மொத்தப் புரதத்தில் கால் பங்கிலிருந்து பாதி வரைகூட இந்த ஒரே பாலிஹெட்ரினாக இருக்கும் என்கிறார்கள். அந்தச் செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்குப் பரவ வைரஸுக்குப் பாலிஹெட்ரின் தேவையே இல்லை. உடம்புக்குள் பரவுவது பெட்டி இல்லாத இன்னொரு வடிவம். பெட்டி முழுக்க அடுத்த புழுவுக்காக. சாகப்போகிற ஒரு செல், தனக்கோ தன்னைத் தின்றுகொண்டிருக்கும் வைரஸின் இன்றைய பிழைப்புக்கோ உதவாத ஒரு பொருளை, வேறெதையும் செய்யாமல், செய்து குவிக்கிறது. யார் சொல்லி?

ஜீன் என்பது என்ன செய்ய வேண்டும் என்கிற வாசகம். அதற்கு முன்னால் ஒரு சிறு துண்டு இருக்கும். அதுதான் புரோமோட்டர். எங்கிருந்து படிக்கத் தொடங்க வேண்டும், எப்போது, எவ்வளவு அடிக்கடி என்பதை அது தீர்மானிக்கிறது. செய்யப்போகும் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை அதில் இருக்காது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்குச் சொல்வதானால், ஃபங்ஷனுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அதை எப்போது கூப்பிட வேண்டும் என்று மட்டும் தெரிந்த ஷெட்யூலர்.

பட்டுப்புழு வைரஸின் டி.என்.ஏ. சுமார் 1,28,000 எழுத்து நீளம். அதில் 130க்கும் மேற்பட்ட ஜீன்கள். எல்லாம் ஒரே நேரத்தில் படிக்கப்படுவதில்லை. முதல் சில மணி நேரம் படிக்கப்படும் ஜீன்களின் புரோமோட்டர்கள் புழுவின் சொந்த ஜீன்களின் புரோமோட்டர்களைப் போலவே இருக்கும். செல்லின் சொந்தப் படிக்கும் இயந்திரமான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் அவற்றைத் தன் வீட்டுக் கடிதம் என்று நினைத்துப் படித்துவிடும். "நினைத்து" என்பது நம் வசதிக்குச் சொல்வது. அப்படிப் படித்ததில் உருவாகும் புரதங்களில் ஒன்று ஐ.இ.1. இந்தக் கட்டுரையின் மையம் அதுதான்.

வைரஸின் டி.என்.ஏ.வில் ஆங்காங்கே ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் சில உண்டு. எச்.ஆர். என்று பெயர். இரண்டு பக்கமிருந்தும் ஏறக்குறைய ஒன்றுபோலப் படிக்கக்கூடிய, விகடகவி மாதிரியான, முப்பது எழுத்துத் துண்டுகள் அதில் வரிசையாக இருக்கும். ஐ.இ.1 போய் உட்காருவது அங்கே. அது உட்கார்ந்ததும் அக்கம்பக்கத்து ஜீன்கள் பல மடங்கு அதிகமாகப் படிக்கப்படுகின்றன. புரோமோட்டரின் சத்தத்தைக் கூட்டும் இப்படிப்பட்ட பகுதிக்கு என்ஹான்சர் என்று பெயர். அமெரிக்காவில் அதிகம் ஆராயப்பட்ட, பட்டுப்புழு வைரஸின் நெருங்கிய உறவுக்கார வைரஸில் எச்.ஆர். பகுதிகளின் இந்த வேலை 1986இலேயே தெரிந்துவிட்டது. 1992இல் இன்னொரு குழு வேறொன்றைச் சொன்னது: வைரஸ் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தொடங்கும் இடங்களும் இந்த எச்.ஆர். பகுதிகளாகத்தான் தெரிகின்றன.

அதைக் கண்டுபிடித்த சோதனை அழகானது, சொல்லாமல் போக மனசு வரவில்லை. எச்.ஆர். துண்டை ஒரு பிளாஸ்மிடில், அதாவது ஒரு சிறிய வட்ட டி.என்.ஏ.வில் ஒட்டுகிறார்கள். பிளாஸ்மிடை வளர்த்த பாக்டீரியா அதன்மேல் தன் ரசாயன முத்திரையைக் குத்தியிருக்கும். வைரஸ் தொற்றிய பூச்சிச் செல்லுக்குள் அதை அனுப்புகிறார்கள். பிறகு, முத்திரை உள்ள டி.என்.ஏ.வை மட்டும் வெட்டும் ஒரு கத்தரியைப் போடுகிறார்கள். பழையது துண்டு துண்டாகும். வெட்டுப்படாமல் மிச்சம் நின்றால், அது பூச்சிச் செல்லுக்குள் புதிதாக நகலானது. எச்.ஆர். ஒட்டிய பிளாஸ்மிட் நின்றது.

ஆக, இதை நிறையப் படி என்று சொல்லும் இடமும் இதை நகலெடு என்று சொல்லும் இடமும் ஒன்றாக இருக்கிறது. முழுக்க ஒன்றா? டில்லியில் சையத் ஹஸ்னைன் குழு 1996இல் அந்த உறவுக்கார வைரஸின் முதல் எச்.ஆர். பகுதியை நறுக்கி நறுக்கிப் பார்த்தது. இரண்டு வேலைகளுக்கும் தேவைப்படும் எழுத்துகள் ஒன்றல்ல என்பது அவர்கள் கண்டது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். 2007இல் வேறொரு குழு எச்.ஆர். பகுதிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தது. எந்த ஒன்றை நீக்கினாலும் வைரஸ் நகலாவது நின்றுவிடவில்லை. எந்த ஒரு இடத்தையும் கைகாட்டி "இதுதான் பொறுப்பு" என்று சொல்ல முடியாதபடி வேலை பரவிக் கிடக்கிறது. இந்த வரியைப் படித்தபோது எனக்கு ஒரு ஆபீஸ் ஞாபகம் வந்தது.

இது பட்டுப்புழுவோடு நிற்கும் விசித்திரம் இல்லை. எலியில் வரும் பாலியோமா வைரஸ் நகலாவதற்கு என்ஹான்சர் கட்டாயம் தேவை என்று 1984இலேயே காட்டியிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் உளுந்து போடுகிறவர்கள் திட்டிக்கொண்டே பிடுங்கிப் போடும் மஞ்சள் தேமல் செடிகளில் இருக்கும் வைரஸும் அப்படித்தான். எதிரெதிர்த் திசைகளைப் பார்த்து நிற்கும் இரண்டு புரோமோட்டர்களுக்கு நடுவில் அதன் நகல் தொடங்கும் இடம். அதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கே. வெளுத்தம்பியின் குழு விரிவாக ஆராய்ந்திருக்கிறது.

பட்டுப்புழுவுக்கே திரும்புவோம். நகலெடுத்தல் தொடங்கிய பிறகு வைரஸுக்குச் செல்லின் படிக்கும் இயந்திரம் தேவையில்லை. அதற்குள் சொந்தமாக ஒரு பாலிமரேஸ் தயாராகிவிடும். நான்கு புரதங்கள் சேர்ந்தது. புழுவின் ஜீன்கள் எதிலும் தொடங்காமல், டி-ஏ-ஏ-ஜி என்ற நான்கு எழுத்துகளில் அது படிக்கத் தொடங்கும். கடைசிக் கட்டத்தில் வெடித்துக் கிளம்புகிற பாலிஹெட்ரின் புரோமோட்டரில் இருப்பது இந்த நான்கு எழுத்துதான். இதில் முக்கியமான விஷயம், ஏதாவது மருந்தைக் கொடுத்து டி.என்.ஏ. நகலாவதை நிறுத்தினால் முதல் கட்ட ஜீன்கள் படிக்கப்படும், பாலிஹெட்ரின் வரவே வராது. முதலில் படிக்கப்பட்டால்தான் நகல். நகலானால்தான் பெருவெள்ளமாகப் படிப்பு. வாசிப்பும் பிரதியெடுப்பும் ஒன்றையொன்று ஊதிப் பெருக்குகின்றன.

இப்போது அந்தப் புரோமோட்டருக்குப் பின்னால் பாலிஹெட்ரின் வாசகத்தை எடுத்துவிட்டு வேறு வாசகத்தை வைத்தால்? 1983இல் அமெரிக்காவில் மனித இன்டர்ஃபெரான் ஒன்றை வைத்தார்கள். பூச்சிச் செல்கள் அதைக் குவித்தன. 1985இல் ஜப்பானில் சுசுமு மயேதா குழு உயிருள்ள பட்டுப்புழுவையே இன்டர்ஃபெரான் தொழிற்சாலையாக்கியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே. பி. கோபிநாதன் குழு உள்ளூர்ப் பட்டுப்புழு வைரஸை வைத்து இதே பாதையில் வேலை செய்தது. கொரோனாவில் புனேயில் தயாரான கோவோவேக்ஸ் தடுப்பூசியின் ஸ்பைக் புரதமும் இப்படிப் பூச்சிச் செல்லில், இந்த வகை வைரஸைக் கொண்டு செய்ததுதான். புரோமோட்டருக்குத் தனக்குப் பின்னால் இருப்பது மருந்தா பாலா என்று தெரியாது. நிறையச் செய் என்பது மட்டும்தான் அதன் பேச்சு.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு நிமிஷம் பெரிய நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் இந்தக் கட்டுரையின் பிரச்சினை.

2020 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கல்யாணங்கள் நின்றுபோய்ப் பட்டு வியாபாரம் படுத்திருந்த வருஷம். தறிகளில் பாதி மூடிக் கிடந்தன. எங்கள் எதிர் வீட்டில் ஒரு மாமா, அப்பாவோடு ஒரே முதலாளியிடம் கூலிக்கு நெய்தவர். சொந்தம் இல்லை, ஆனால் நினைவு தெரிந்த நாளிலிருந்து மாமாதான். அவர் போனை எடுத்துக்கொண்டு வந்தார். "ஏதோ மெசேஜா வந்துனே கீது, இத்த நிறுத்த முடியுமா பாரு" என்றார். போன் ஆப்பில் எட்டாயிரம் கடன் வாங்கியிருந்தார். கையில் வந்தது ஐயாயிரத்துச் சொச்சம். ஏழு நாளில் முழுசாகக் கட்ட வேண்டும். கட்டவில்லை.

மெசேஜ்கள் மரியாதையானவை. உங்கள் தவணை நிலுவையில் உள்ளது, தயவுசெய்து செலுத்தவும். அவ்வளவுதான். திட்டியது போனில் பேசிய ஆட்கள். மெசேஜ் ஒருபோதும் திட்டவில்லை. நான் வாசகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை 7.30. மதியம் 3.30. இரவு 7.30. 9.30. 10.30. 11.00. 11.15.

எட்டு மணி நேரம், நான்கு, இரண்டு, ஒன்று, அரை, கால்.

அந்த வரிசையை எழுதியது நான்.

நான் அப்போது வேலை செய்த கம்பெனி கடன் கொடுக்கும் கம்பெனி இல்லை. மற்ற கம்பெனிகளுக்காக மெசேஜ் அனுப்பித் தருவது அவர்கள் தொழில். ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட், கரன்ட் பில், பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் அதே குழாயில் போகும். ஒரு மெசேஜ் போய்ச் சேரவில்லை என்றால் திரும்ப எப்போது முயல்வது என்பதற்கு எங்கள் துறையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒவ்வொரு தடவையும் இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும். எதிராளிக்கு மூச்சு விட நேரம் கொடுப்பதற்காக. ஒரு வாடிக்கையாளர் அதைத் திருப்பிக் கேட்டார். பதில் வராவிட்டால் இடைவெளியைப் பாதியாக்க முடியுமா? முடியும். பெருக்கலை வகுத்தலாக மாற்ற வேண்டும். ஒரு மதியம் பிடித்தது. டெஸ்ட் எழுதினேன். ரிவ்யூ செய்தவர் "நீட்" என்று எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை மாமாவின் நம்பரைப் போட்டு லாக்கில் தேடினேன். அப்படித் தேடக்கூடாது என்று விதி உண்டு, தேடினேன். ஏழு நாள், நாளுக்கு ஏழு. நாற்பத்தொன்பது வரி. எல்லாமே டெலிவர்டு. அவர் பெண்ணுக்கு அப்போது சம்பந்தம் பேசியிருந்தார்கள். சம்பந்தி வீட்டு நம்பருக்கும் போயிருந்தது. மாமாவின் போனிலிருந்த நம்பர்களை அந்த ஆப் அள்ளியிருந்தது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறையில் கடன் ஆப்கள் போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்று வந்துவிட்டது. மாமாவுக்கு அது இரண்டு வருஷம் தாமதம்.

ஊரடங்கு இரவுகளில் தூக்கம் வராமல் நான் வைரஸ் படித்தது அதன் பிறகுதான். கொரோனாவில் தொடங்கி, கிருஷ்ணகிரித் தட்டில் பார்த்த பாலுக்கு வந்து சேர்ந்தேன். புரோமோட்டருக்கு வாசகம் தெரியாது என்ற இடத்தில் வந்த நிம்மதி எதற்கு என்று இப்போது புரியும். நான் எழுதியது எப்போது, எத்தனை முறை என்பதை மட்டும். மெசேஜில் ஒரு எழுத்துகூட என்னுடையது இல்லை. அதே வரிகள் தடுப்பூசி நாளை நினைவூட்டவும் ஓடின. அப்படியானால் நான் பால் செய்யவில்லை.

இயற்கையிலிருந்து நீதி எடுக்கும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. எறும்பைப் பார் சுறுசுறுப்பாய் இரு என்பதும், காட்டில் வலியவன்தான் பிழைக்கிறான் பார் என்பதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கம். வைரஸுக்கு நோக்கம் கிடையாது, குற்றமும் கிடையாது. நான் அதனிடம் போனது நீதி கேட்க இல்லை. "எவ்வளவு" என்பது ஒரு அமைப்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அது என்ன செய்கிறது என்பதை மனித முகம் எதுவும் குறுக்கே வராமல் பார்க்க ஓர் இடம் தேவைப்பட்டது.

பார்த்தால், என் வாதம் நிற்கவில்லை. புரோமோட்டருக்கு வாசகம் தெரியாது என்பது உண்மை. ஆனால் நோயைச் செய்வது வாசகம் மட்டும் இல்லை. பாலிஹெட்ரின் விஷம் இல்லை. இலையோடு தின்ற நாலு பெட்டி கரைந்து போனதில் அந்தப் புரதம் புழுவை எதுவும் செய்யவில்லை. ரத்தத்தைப் பாலாக்கியதும் தோலைப் பலூனாக்கியதும் அளவு. அளவு ஓர் எல்லையைத் தாண்டும்போது அதுவே பொருளாகிவிடுகிறது. தவணை நிலுவையில் உள்ளது என்ற வாக்கியம் காலை ஏழரைக்கு ஒரு தகவல். ராத்திரி பதினொன்றுக்கு வந்து பதினொன்றே காலுக்கு மறுபடி வந்தால் அது மிரட்டல். எழுத்து மாறவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுவதும் நான் எழுதிய பகுதியில்தான் இருக்கிறது. வாசகத்தை எழுதியவர் ஒரு நினைவூட்டலை எழுதினார். மிரட்டலை எழுதியது நான்.

இன்னொரு வாதமும் வைத்திருந்தேன். செல்லைப் பார், அதுவும் தன் வேலையைத்தான் செய்தது. தன் வீட்டுக் கடிதம் போல வந்த ஒன்றைப் படித்தது. டிக்கெட் என் பெயருக்கு வந்தது, முடித்தேன். இங்கே ஐக்மனையும் ஹன்னா அரெண்டையும் இழுப்பது வழக்கம். ஒரு எஸ்.எம்.எஸ். வரிசைக்கு அது ரொம்பப் பெரிய சட்டை என்பதால் விட்டுவிடுகிறேன். நமக்குத் தெரிந்த கதையே போதும். கோவலனை வாளால் வெட்டியவனைக் கண்ணகி தேடிப் போகவில்லை. அரசனிடம் போனாள். அரசனும் தன் தவறு என்று ஒப்புக்கொண்டு உயிரை விட்டான். ஆணையிட்டவனுக்கும் வாள் பிடித்தவனுக்கும் நடுவில் நின்றவர்களைப் பற்றி அந்தக் கதை அதிகம் கவலைப்படுவதில்லை. நம் காலத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் நிற்பது அந்த நடுவில்.

செல் அப்படி ஒன்றும் ஏமாளி இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. வைரஸ் நுழைந்தது தெரிந்தால் பூச்சிச் செல்லுக்கு ஒரு மறுப்பு உண்டு. தன்னையே கலைத்துக்கொண்டு செத்துப்போவது. செல் செத்தால் வைரஸுக்கும் வேலை முடிந்தது. இந்த மறுப்பைத் தடுப்பதற்காகவே வைரஸ் பி35 என்ற புரதத்தைச் செய்கிறது. 1991இல் அந்த ஜீன் பழுதான உறவுக்கார வைரஸைச் செல்களில் விட்டுப் பார்த்தபோது, செல்கள் முன்கூட்டியே தாங்களாகச் செத்தன. அதாவது "என் வேலையைத்தான் செய்தேன்" என்பது செல்லின் இயல்பான நிலை இல்லை. அந்த நிலைக்கு அதைக் கொண்டுவருவதற்குத் தனியாக ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது. என்னிடம் யாரும் எதையும் மிரட்டிக் கேட்கவில்லை. பெருக்கலை வகுத்தலாக மாற்றச் சொன்னபோது எனக்குள் சின்னதாக ஒன்று இடறியது நினைவிருக்கிறது. அதை அமுக்கியது எது என்று யோசித்தால் பயம்கூட இல்லை. அந்தக் கோடு அழகாக இருந்தது. ஒரே ஒரு எழுத்து மாற்றத்தில் வேலை முடிந்த சந்தோஷம்.

ஹைதராபாத்தில் சி.டி.எஃப்.டி. என்ற மத்திய அரசு ஆய்வு நிலையத்தில் ஜே. நாகராஜு என்ற விஞ்ஞானி இருந்தார். பட்டுப்புழு மரபியலில் பெரிய பெயர், 2012 கடைசியில் காலமானார். அவர் குழு இந்த வைரஸைத் தாங்கும் பட்டுப்புழுவை உருவாக்க முயன்றது. வைரஸின் ஒரு ஜீனைக் குறிவைத்து, அதன் செய்தி வெளியே வந்ததும் புழுவே அதைத் துண்டாக்கும்படி செய்வது திட்டம். எந்த ஜீனை எடுத்தார்கள்? ரத்தத்தைப் பாலாக்கும் பாலிஹெட்ரினை இல்லை. 2007இல் வெளிவந்த அந்த வேலையில் எடுத்தது ஐ.இ.1. 2013இல் வந்த அடுத்த கட்டத்தில் அதோடு இன்னும் சில அவசியமான ஜீன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நோயை நிறுத்த நினைக்கிறவர்களுக்குப் பொறுப்பு எங்கே என்பதில் குழப்பம் இருக்கவில்லை. எவ்வளவு என்று சொல்லும் இடத்துக்குப் போனார்கள்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நம்பருக்கு ஒரு நாளில் இரண்டுக்கு மேல் போகாது என்று ஒரு வரம்பு எழுதினேன். மூன்று வரி. அது உள்ளே போகவில்லை. அளவு வாடிக்கையாளரின் விருப்பம், நாம் கை வைக்க முடியாது என்றார்கள். ஒவ்வொரு மெசேஜுக்கும் அவர்கள் காசு கொடுக்கிறார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஐந்தாறு மாதத்தில் வேறு வேலைக்குப் போனேன். அதை ஒரு தியாகமாகச் சொல்லவில்லை, சம்பளம் கூடத்தான் கிடைத்தது. வகுத்தல் குறி அங்கேயே இருந்தது. போவதற்கு முன் அதைத் திரும்பப் பெருக்கலாக மாற்றிவிட்டு யாருக்கும் சொல்லாமல் போயிருக்கலாமே என்று ஒரு நண்பன் கேட்டான். மாற்றியிருந்தால் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்திருப்பார்கள். ஆனால் ஒரு வாரம் கிடைத்திருக்கும். அந்த ஒரு வாரத்தைப் பற்றி எனக்கு இன்னும் பதில் இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமா நெய்துகொண்டிருந்தார். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அந்தச் சம்பந்தம் இல்லை, வேறு இடம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. ஓட்டை போட்ட அட்டைகள், ஒன்றோடொன்று கோத்து மாலை மாதிரி. எந்தப் பாவு நூல் மேலே போக வேண்டும் என்று அட்டை சொல்லும், பூவோ மயிலோ அதிலிருந்து வரும். கடைசி அட்டை முடிந்ததும் மாலை சுற்றிக்கொண்டு மறுபடி முதல் அட்டை வந்துவிடும். சின்ன வயதில் அவரிடமே கேட்டிருக்கிறேன், எத்தனை மயில் போட வேண்டும் என்று அட்டையில் எங்கே இருக்கிறது என்று. "அது அட்டையில இல்லடா, என் கால்ல கீது" என்று மிதியைக் காட்டுவார்.

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அந்த மெசேஜ் அனுப்பின கம்பெனியில்தான் மாமா நான் இருந்தேன். அந்த நேரக் கணக்கை எழுதினது நான்தான். எப்படிச் சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்த விளக்கங்கள் எதுவும் வாயில் வரவில்லை.

அவர் நாடாவை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை, பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரி பதினொண்ணே காலுக்கு ஒண்ணு வருமே" என்றார்.

"ஆமா மாமா."

"அதுவுமா?"

"அதுவும்தான்."

அறுந்திருந்த ஒரு நூலைத் தேடி எடுத்துப் பிணைத்தார். எச்சில் தொட்டு முறுக்கினார். பிறகு மிதியை அழுத்தினார், அட்டை விழுந்தது.